லன்யேரோ விட்ட ஒரு வாக்கியம்

குலு நகரத்துக்கு வந்து லன்யேரோ வீடு எது என்று பொதுவாகக் கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். "வெள்ளைக்காரிக்கு வாயா இருந்த லன்யேரோ" என்று கேட்டால் நேரே ஒரே வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பத்து வருடத்துக்கு மேல் அவள் பார்த்த வேலை அதுதான். உலகத்தில் எந்த மூலையில் யார் யாரை அடித்தாலும் வந்து எழுதிக்கொண்டு போகிற வெளிநாட்டு மனித உரிமை அமைப்பு ஒன்றுக்கு மொழிபெயர்ப்பாளர். சனங்கள் எங்கள் அச்சோலி மொழியில் அழுவார்கள். அவள் அதையே ஆங்கிலத்தில் அழாமல் சொல்லுவாள்.

அதற்கு முன்னால் ஐந்தாம் வகுப்பு டீச்சராக இருந்தாள். அரசாங்கப் படைக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் சண்டை வந்து பள்ளிக்கூடம் மாமரத்தடிக்குப் போய், பிறகு மாமரத்தடியும் போய், பிள்ளைகள் அகதி முகாமுக்கும் காட்டுக்குமாகச் சிதறியபோது அவளிடம் மிச்சமிருந்தது நல்ல ஆங்கிலமும் அசாத்திய ஞாபகமும்தான். அந்த ஞாபகம் அப்பா கொடுத்தது. அவர் கோவிலில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகளை நிறுத்திவைத்து முழுப் பிரசங்கத்தையும் ஒப்பிக்கச் சொல்லுவார். ஒரு வரி விட்டால் மத்தியானச் சோறு தள்ளிப்போகும். அப்படிப் பட்டினி கிடந்து கிடந்து, ஒருவர் பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினாலும் ஒரு சொல் சிந்தாமல் திருப்பிச் சொல்லுகிற ஆளாகிவிட்டாள்.

நெதர்லாந்திலிருந்து வந்திருந்த மரைக்கே அதைக் கண்டுதான் அவளைப் பிடித்துக்கொண்டாள். மரைக்கே அமைப்பின் ஆய்வாளர். நாற்பது வயது, வெயிலில் சிவந்து உரிந்த மூக்கு, எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கால்சட்டை. முன்பு வைத்திருந்த மொழிபெயர்ப்பாளர்கள் சனங்கள் பேசுவதைச் சுருக்கிச் சொல்லுவார்களாம். சிலர் கூட்டியும் சொல்லுவார்களாம். "நீங்க மட்டும்தான் என் காது மாதிரி இருக்கீங்க லன்யேரோ" என்று முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டாள். லன்யேரோவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமையைக் குறை சொல்ல முடியாது. முகாமில் எல்லாமே போய்விட்ட காலத்தில் ஒருத்திக்குத் தன் கைவசம் இருக்கிற ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் இருந்தால் என்ன தப்பு.

இருவரும் முகாம் முகாமாகப் போவார்கள். குடிசைக்குள்ளே பாயில் உட்காருவார்கள். மரைக்கே முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லச் சொல்லுவாள்: நாங்கள் எதுவும் தர மாட்டோம், சோறு, துணி, பணம் எதுவும் இல்லை, எழுதுவோம், எழுதியதை உலகத்துக்குச் சொல்லுவோம், அவ்வளவுதான். லன்யேரோ அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் கிழவிகள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"அப்ப இந்தத் தடவையும் சோப்பு இல்லையா டீச்சர்?"

"இல்லம்மா."

"ஒரு கட்டிகூட?"

"ஒரு கட்டிகூட இல்ல."

"அப்ப அந்தம்மா ஏன் இவ்வளவு தூரம் வந்திருக்கா, அவ ஊர்ல அழுவுற சனமே இல்லையா?"

இதை மொழிபெயர்க்கவா வேண்டாமா என்று லன்யேரோ யோசிக்கவே மாட்டாள். அப்படியே சொல்லிவிடுவாள். மரைக்கேயின் மூக்கு இன்னும் கொஞ்சம் சிவக்கும்.

தெயோலம் முகாமுக்கு அவர்கள் போனது 2003ஆம் வருடம், எள் விதைக்கிற பருவம். பதினாலாயிரம் பேர் கூரையோடு கூரை இடிக்கக் கிடந்த இடம். காலை ஒன்பது மணிக்கு முன்னாலும் மாலை நாலு மணிக்குப் பின்னாலும் யாரும் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அங்கே காவலிருந்த அரசாங்கச் சிப்பாய்களின் சட்டம். தாண்டினால் கிளர்ச்சிக்காரன் என்று அர்த்தம். கூரைக்குப் புல் அறுக்கப் போன இரண்டு பெண்கள் ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே எல்லையைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. சிப்பாய்கள் அவர்களைச் சுட்டதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அபியோ.

அபியோவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. எள் விழுது அரைத்து விற்கிறவள். அந்த முகாமில் அந்த வியாபாரம் செய்கிறவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். இரட்டைப் பிறவியில் மூத்தவள். எங்கள் பக்கத்தில் இரட்டையரில் முதலில் பிறந்த பெண் என்றால் அபியோ, பின்னால் பிறந்தவள் என்றால் அச்சென். பெற்றவர்கள் யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. தங்கை அச்சென் நாலு வயதில் அம்மை கண்டு போய்விட்டாள்.

அபியோவின் புருஷன் ஒடோக்கி குடிசைக்கு வெளியே ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான். ஊரின் சைக்கிள்களுக்கெல்லாம் அவன்தான் வைத்தியன். வாயும் சும்மா இருக்காது.

"டீச்சர், போன வருசமும் இப்படித்தான் ஒரு கூட்டம் வந்துச்சு. என் தழும்பையெல்லாம் அளந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. தையக்காரன்கூட அப்படி அளக்க மாட்டான். சட்டை இன்னும் வரல."

லன்யேரோ சிரித்துவிட்டாள். "இது வேற கூட்டம் அண்ணே."

"எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே வண்டிதானே, வெள்ள வண்டி. வருவாங்க, எழுதுவாங்க, போவாங்க. புத்தகம் போடுவாங்கன்னு சொல்றாங்க. அந்தப் புத்தகத்த இங்க எவன் பாத்தான்? எங்களப் பத்தி எழுதினத எங்களத் தவிர எல்லாரும் படிக்கிறாங்க போல."

சரிதானே அவன் சொன்னது? மரைக்கே மட்டும், மேற்கே இன்னொரு முகாமில் சிப்பாய்கள் பிடித்துப்போன மூன்று பேரை இப்படி எழுதித்தான் பதினோரு நாளில் வெளியே கொண்டுவந்தோம் என்று சொன்னாள். அதுவும் உண்மைதான். லன்யேரோ அதையும் சிந்தாமல் சொன்னாள். ஒடோக்கி சக்கரத்தை நிறுத்திவிட்டு, "பதினோரு நாளா? பரவாயில்லையே" என்றான்.

அபியோ ஒன்றரை மணி நேரம் பேசினாள். எத்தனை மணி, எந்தப் பக்கம் நின்றாய், எத்தனை சிப்பாய், நேரில் பார்த்தாயா யாராவது சொன்னார்களா என்று மரைக்கே திரும்பத் திரும்பக் கேட்டாள். நாலாவது தடவை அதே கேள்வி வந்தபோது அபியோ லன்யேரோவைப் பார்த்து, "ஏன் டீச்சர், நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாளா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. நாளைக்கு வேற யாராச்சும் பொய்யின்னு சொல்லிடக் கூடாதுன்னு கேக்குறாங்க."

"சரி. என் பேரு வராதே?"

"வராதுக்கா. என்னை நம்புங்க. பேர மாத்தித்தான் போடுவாங்க."

அபியோ அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு விட்டாள்.

திரும்பி வரும் வழியில், மழையில் சேறான சாலையில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போகும்போது, மரைக்கே ஒரு தாளை லன்யேரோ மடியில் வைத்தாள். பன்னிரண்டு சாட்சிகள். ஒவ்வொருவர் எதிரிலும் ஒரு பொய்ப் பெயர் எழுத வேண்டும். "ஏதாவது ஒரு பேர். அந்த ஆளுக்குச் சம்பந்தமில்லாம இருக்கணும், அவ்வளவுதான்." மரைக்கேக்கு அச்சோலிப் பெயர் என்பது ஓசை. லன்யேரோவுக்கு அப்படி இல்லை. மழையில் பிறந்தவள், வழியில் பிறந்தவன், பஞ்சத்தில் பிறந்தவன் என்று ஒவ்வொரு பெயரும் ஒரு விஷயம் சொல்லும். இருந்தாலும் பதினொரு பேருக்கு மளமளவென்று மாற்றி எழுதிவிட்டாள். அபியோவிடம் வந்தபோது, மழையில் பிறந்தவளுக்கு வைக்கிற 'லகோட்' என்று எழுத ஆரம்பித்துப் பேனா நின்றுவிட்டது.

இரட்டையரை ஒற்றைப் பிறவியின் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அந்த ஆளுக்கு நோய் வரும், கூப்பிட்ட வாய்க்கும் வரும். இரட்டையர் சாதாரணப் பிள்ளைகள் அல்ல, அவர்களுக்குப் பின்னால் வேறு சக்தி நிற்கிறது என்று அவள் அம்மா சொல்லுவாள். உபதேசியார் வீட்டில்தான் இந்தப் பேச்சு. அப்பா பிரசங்கத்துக்குப் போன பிறகு அம்மா குசுகுசுவென்று சொல்லுவாள். லன்யேரோ பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். ஆனால் கை கேட்கவில்லை. எழுதிய அரைப் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் 'அச்சென்' என்று எழுதினாள். செத்துப்போன தங்கையின் பெயர். இரட்டையர் பெயர்தான், குற்றமில்லை; செத்தவளை யார் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தாள். தன் சாமர்த்தியத்தில் கொஞ்சம் மனநிறைவுகூட வந்தது.

பாவி, அந்த நிமிடம் பேனாவைக் கீழே வைத்திருக்கலாம்.

புத்தகம் அடுத்த வருடம் சனவரியில் வந்தது. தலைநகரத்து ஓட்டல் ஒன்றில் வெளியீட்டு விழா. கோட்டுப் போட்டவர்கள், குளிர்ந்த சோடா, தட்டில் சின்னச் சின்னச் சமோசா. வானொலியில் மந்திரி ஒருவர், நம் பிணங்களை விற்றுப் பிழைக்கிற வெளிநாட்டுக்காரர்கள் என்று அன்றைக்குக் காலையிலேயே திட்டியிருந்தார். லன்யேரோ ஒரு மூலை நாற்காலியில் உட்கார்ந்து முதல் முறையாக அச்சான பக்கத்தைப் புரட்டினாள். நாற்பத்தோராம் பக்கம். "அச்சென், 36 வயது, எள் விழுது விற்பவர், தெயோலம் முகாம்."

கையிலிருந்த சமோசாவைத் தட்டில் திரும்ப வைத்தாள். வண்டிக்குள் குலுங்கியபோது தெரியாதது அச்சில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முகாமில் எள் விழுது விற்கிறவர்கள் நாற்பது பேர். அதில் இரட்டைப் பிறவி ஒருத்திதான். வெள்ளைக்காரர் நூறு பேர் படித்தாலும் ஒன்றும் புரியாது. அச்சோலிக்காரன் ஒருவன் படித்தால் போதும், நேராக அபியோ குடிசைக்கு வந்து நிற்பான். சிப்பாய்களிடம் அச்சோலி எழுத்தர்கள் இல்லையா என்ன?

அப்போதே எழுந்து மரைக்கேயிடம் சொல்லியிருக்கலாம். அபியோவை அன்றே முகாமிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் இரண்டாயிரம் புத்தகம் அச்சாகிவிட்டது. மேடையில் மரைக்கே பேசிக்கொண்டிருக்கிறாள். சாட்சிகளின் பாதுகாப்பே எங்களுக்கு முதல் என்று அப்போதுதான் சொல்லி முடித்தாள், எல்லோரும் கை தட்டினார்கள். லன்யேரோவும் தட்டினாள். யார் படிக்கப்போகிறார்கள் என்று தன்னையே தேற்றிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

பன்னிரண்டாம் நாள் அபியோ குலுவில் அமைப்பின் அலுவலகத்து வாசலில் வந்து நின்றாள். கால் முழுக்கச் செம்மண். முப்பது மைல் நடந்தும் லாரியிலும் வந்திருந்தாள். அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் நாலு சிப்பாய்கள் வந்து ஒடோக்கியைக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று தெரியாது. கிளர்ச்சிக்காரர்களுக்குச் சைக்கிள் கொடுத்தான் என்று படைமுகாமில் சொல்லுகிறார்களாம்.

மரைக்கே நோட்டைத் திறந்தாள். லன்யேரோ இருவருக்கும் நடுவில், வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். அபியோ பேசப் பேச இவள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். எத்தனை பேர் வந்தார்கள், என்ன வண்டி, எந்தப் பக்கம் போனார்கள். பிறகு அபியோ சொன்னாள்:

"பக்கத்துக் குடிசைக்காரி எல்லாம் கேட்டிருக்கா டீச்சர். வந்தவன் அவரப் பாத்து, 'உன் பொண்டாட்டி ரெட்டப் பிறவிதானே, எங்க அவ?'ன்னு கேட்டானாம். இவரு, 'அவ ஊர்ல இல்ல, என்ன வேணுமோ என்கிட்ட கேளு'ன்னாராம். அப்புறம் கைய கட்டிட்டாங்களாம். அவரு போறப்ப சைக்கிள மழையில விட்டுடாதேன்னு சொல்லிட்டுப் போனாராம்."

மரைக்கே பேனாவோடு காத்திருந்தாள்.

லன்யேரோ வாயைத் திறந்தாள். "சிப்பாய்கள் மனைவி எங்கே என்று கேட்டார்கள். ஊரில் இல்லை, என்ன வேண்டுமோ என்னிடம் கேள் என்றார். அவர் கையைக் கட்டினார்கள். போகும்போது, சைக்கிளை மழையில் விட வேண்டாம் என்று சொன்னார்."

ஒரே ஒரு வாக்கியம்தான் விட்டது. இரட்டைப் பிறவி என்ற பேச்சே ஆங்கிலத்தில் வரவில்லை. ஒரு முழுப் பிரசங்கத்தைச் சிந்தாமல் கொண்டுவருகிறவள், நாலு சொல்லைத் தெரிந்தே கீழே போட்டாள். சொன்னால் சிப்பாய்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வரும். அந்தப் பெயரை யார் எழுதினார்கள் என்ற கேள்வி வரும். வேலை போகும் என்பது மட்டும் இல்லை, மரைக்கேயின் முகத்தை அதற்கப்புறம் எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது. பாயில் உட்கார்ந்து 'என்னை நம்புங்க' என்று சொன்னது அவள். கை அழுத்தியது அபியோ. இருந்தும் பெரிதாகத் தெரிந்தது மரைக்கேயின் முகம்.

"அவரைக் கேட்டாங்களா, சாட்சி சொன்னதைப் பத்தி, புத்தகத்தைப் பத்தி ஏதாவது?" மரைக்கே இரண்டு தடவை கேட்டாள். லன்யேரோ அதை அபியோவிடம் கேட்டாள். அபியோ யோசித்து, "புத்தகம்னு எதுவும் கேக்கலையே" என்றாள். அது உண்மைதான். லன்யேரோ அதை அப்படியே சொன்னாள்.

அமைப்புக்கென்று ஒரு முறை உண்டு. தங்கள் சாட்சிக்கோ சாட்சியின் குடும்பத்துக்கோ தங்கள் புத்தகத்தால் ஆபத்து வந்தால் அன்றைக்கே தூதரகங்களைத் தட்டுவார்கள், பத்திரிகைக்காரர்களைக் கூட்டுவார்கள், படைத்தலைமைக்குக் கடிதத்தின் மேல் கடிதம் போகும். மேற்குப் பக்கத்து மூன்று பேர் அப்படித்தான் பதினோரு நாளில் வந்தார்கள். சம்பந்தம் இல்லாத கைது என்றால் அது நூற்றுக்கணக்கான கைதுகளில் ஒன்று. அட்டவணையில் ஒரு வரியாகச் சேரும். ஒடோக்கி அட்டவணையில் சேர்ந்தான்.

ஒரு மாதம் கழித்து அபியோவுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். உங்கள் வாக்குமூலத்துக்கும் உங்கள் கணவரின் கைதுக்கும் தொடர்பு இருப்பதாக எங்கள் விசாரணையில் தெரியவில்லை, ஆழ்ந்த வருத்தத்துடன் என்று. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. அதை அச்சோலியில் படித்துக் காட்டியவளும் லன்யேரோதான்.

அபியோ கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "அப்ப நான் பேசினதால இல்ல?"

"இல்லன்னு எழுதியிருக்காங்கக்கா."

"அது போதும் டீச்சர். நான் பேசினதுக்காகப் புடிச்சிருந்தா உயிரோட விட மாட்டானுங்க. இது ஏதோ ஆள் மாறாட்டம். தப்பாப் புடிச்சிட்டுப் போனவங்க எத்தன பேரு திரும்பி வந்திருக்காங்க."

கடிதத்தை நாலாக மடித்து மார்புத் துணிக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மரைக்கே அடுத்த வருடம் வேறு நாட்டுக்குப் போனாள். போகும்போது அழுதாள், அந்த ஒரு கைது மட்டும் தன்னை உறுத்துகிறது, எதையோ கேட்காமல் விட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது என்றாள். லன்யேரோ அவளைத் தேற்றினாள். "உங்க மேல தப்பில்ல" என்றாள். இதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை.

லன்யேரோவுக்குப் பதவி உயர்ந்தது. புதிதாக வருகிற மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. சாட்சியின் பெயரை மாற்றும்போது அவர்கள் பிறப்பைக் காட்டுகிற பெயரை வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள். வேறொரு நாட்டில் ஒரு பெண் அப்படிச் செய்துவிட்டாள் என்று கதையாகச் சொல்லுவாள். எல்லோரும் 'ஐயோ' என்பார்கள். அவளும் 'ஐயோ' என்பாள். இரவுகளில் தூக்கம் போய்விட்டது. கோவிலில் பிரசங்கம் கேட்டால் பாதி மறந்துபோயிற்று. அப்பா உயிரோடு இருந்திருந்தால் மத்தியானச் சோறே கிடைத்திருக்காது.

சண்டை ஓய்ந்தது. முகாம்கள் கலைந்தன. சனங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்பிக் கூரை வேய்ந்தார்கள், எள் விதைத்தார்கள். திரும்பாதவர்களுக்குச் சடங்கு செய்தார்கள். உடல் கிடைக்காத சாவுக்கு எங்கள் பக்கத்தில் யாகோ மரத்துக் காயைத்தான் புதைப்பார்கள். சுரைக்காய் போல நீளமாக, ஒரு கைக்குழந்தை கனம் கனக்கும். அதைத் துணியில் சுற்றி, வீட்டு முற்றத்தில் குழி வெட்டி, பெயர் சொல்லி அழுது மூடினால் போன உயிர் அலைவதை நிறுத்தும். வீட்டாரும் அழுது முடித்து எழுந்திருக்கலாம்.

2013இல் ஒரு சந்தை நாளில் லன்யேரோ கீரை வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எள் விற்றுக்கொண்டிருந்தவள் தெயோலத்துக்காரி என்று பேச்சில் தெரிந்தது. அபியோவைப் பற்றி விசாரித்தாள்.

"அவளா? அவ பெரிய பிடிவாதக்காரியாச்சே! கொழுந்தன் ஒலாரா வருசா வருசம் கெஞ்சுறான், அண்ணி, காயப் பொதச்சிடலாம், அண்ணன் ஆவி அலையுதுன்னு. புள்ளைங்களுக்கு ஒடம்புக்கு வர்றதெல்லாம் அதனாலதான்னு சொந்தக்காரங்க பேசுறாங்க. இவ கேட்டாத்தானே. 'அவரு சாவல, ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க'ங்கிறா. ஒரு காகிதத்த எடுத்து எல்லார்கிட்டயும் காட்டுறா. எந்தச் செயில்ல இருந்து எவன் வந்தாலும் ஓடிப்போயி, எம் புருசனப் பாத்தியான்னு கேக்குறா. ஒம்பது வருசமா வெளியில சைக்கிளுக்கு எண்ண போட்டுக்கிட்டிருக்கா."

லன்யேரோ கீரைக்கட்டை அங்கேயே வைத்துவிட்டு நடந்தாள். இத்தனை வருடமும் அவள் நினைத்திருந்தது வேறு. தன் பொய் ஒரு மனிதனைக் காப்பாற்றாமல் போயிற்று, அது முடிந்துபோன பாவம் என்று நினைத்திருந்தாள். அந்தப் பொய் இன்னும் ஒரு வீட்டில் அடுப்பெரித்துக்கொண்டு, காத்துக்கொண்டு, எண்ணெய் போட்டுக்கொண்டு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் வாடகை மோட்டார் சைக்கிளில் அபியோவின் ஊருக்குப் போனாள். அபியோ முற்றத்தில் எள் புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. இவளைக் கண்டதும் முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"டீச்சர்! ஏதாச்சும் தெரிஞ்சுதா? அவரப் பத்தி ஏதாச்சும் வந்துச்சா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் லன்யேரோவுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. உட்காரவும் தோன்றாமல் நின்றபடியே சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. வண்டி, மடியில் வைத்த தாள், அடித்துவிட்டு எழுதிய பெயர், நாற்பத்தோராம் பக்கம். பிறகு அலுவலகத்து நாற்காலி. பக்கத்துக் குடிசைக்காரி கேட்ட வாக்கியத்தை இப்போது சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னாள்.

"அத நான் மரைக்கேகிட்ட சொல்லவே இல்லக்கா. சொல்லியிருந்தா அந்தக் கடிதம் வந்திருக்காது. அவங்க அன்னிக்கே ஓடியிருப்பாங்க."

கோழி ஒன்று வந்து கொட்டிக் கிடந்த எள்ளைக் கொத்திக்கொண்டிருந்தது. அபியோ அதை விரட்டக்கூட இல்லை.

"அப்ப நான் பேசினதுக்காகத்தான் வந்தாங்க."

"ஆமாக்கா."

"என்னத் தேடித்தான் வந்தாங்க."

"ஆமா."

"அன்னிக்கே ஓடியிருந்தா வந்திருப்பாரா?"

தெரியாது என்று சொல்லலாம். தெரியாதுதான். பதினோரு நாள் கணக்கு எல்லோருக்கும் பலிக்கும் என்று யார் சொன்னது? ஆனால் தெரியாது என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள இனி அவளால் முடியவில்லை. "வந்திருக்கலாம்கா. வழி இருந்துச்சு" என்றாள்.

அபியோ வீட்டுக்குள்ளே போனாள். மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகிவிட்ட கடிதத்தோடு வந்தாள். "நான் பேசினதுக்காகப் புடிச்சவர உயிரோட விட்டிருக்க மாட்டானுங்க" என்று அதை லன்யேரோ கையில் வைத்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அடிப்பாள் என்று லன்யேரோ எதிர்பார்த்து வந்திருந்தாள். அப்படி ஏதாவது செய்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

அபியோ வேலிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஒலாரா! தம்பி ஒலாரா!"

அடுத்த முற்றத்திலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணி?"

"ஆத்தங்கரைக்குப் போயி ஒரு யாகோக் காய் பறிச்சிட்டு வா. நல்ல பெருசாப் பாத்துப் பறி. உங்க அண்ணன் ஒசரமான ஆளு."

ஒலாரா அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினான். அபியோ மண்வெட்டியை எடுத்து முற்றத்தின் கிழக்குப் பக்கம் தானே வெட்ட ஆரம்பித்தாள். நாலு வெட்டு வெட்டுவதற்குள் முதுகு குலுங்கியது. ஒன்பது வருடம் அழாமல் வைத்திருந்த அழுகை.

லன்யேரோ வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"எங்க போற?" அபியோ திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "இரு. நீதான் அவர இத்தன வருசம் உயிரோட வச்சிருந்த. பொதைக்கும்போது நீ இல்லாம எப்படி?"